வெள்ளிக்கிழமை மட்டும் பாஸ் ஆகும் டெஸ்ட்

எலக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அலுவலகத்துக்கு ஒவ்வொரு வருடமும் ஆறேழு புதியவர்கள் வருவார்கள். கல்லூரியை முடித்த கையோடு வருபவர்கள். ஓசூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வரும் ஒருவர், சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து பிஜியில் தங்கியிருக்கும் இரண்டு மூன்று பேர், ஹாசனிலிருந்து ஒரு கன்னடப் பையன் என்று கலவையான கூட்டம். முதல் வாரம் அவர்கள் கையில் ஒரு சின்ன புரோகிராமைக் கொடுப்பேன். பெங்களூரிலிருந்து சேலம் போகும் பஸ்ஸுக்கு டிக்கெட் கட்டணம் போடும் புரோகிராம். சாதாரணக் கட்டணம் 800 ரூபாய். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு மேல் பதிவு செய்தால் 20 சதவீதம் கூடும், அதாவது 960. பதிவு முடிந்ததும் பயணிக்கு ஓர் எஸ்எம்எஸ் போக வேண்டும். எந்த பஸ் கம்பெனி இப்படிக் கட்டணம் வைக்கிறது என்று சண்டைக்கு வராதீர்கள், பயிற்சிக்காக நான் எழுதிக்கொண்டது.

மொத்தம் நாற்பது வரி. ஓட்டினால் சரியாகவே ஓடும். "வெள்ளிக்கிழமைக் கட்டணம் 960 வருகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் எழுதுங்கள்" என்பதுதான் வேலை. டெஸ்ட் என்றால் ஒரு புரோகிராம் சரியாக நடக்கிறதா என்று சோதிக்கும் இன்னொரு சின்ன புரோகிராம்.

பத்து நிமிடத்தில் யாராவது எழுந்து வருவார்கள். போன முறை வந்தது நாமக்கல் பெண்.

"அண்ணா, இன்னைக்குத் திங்கக்கிழமை. இதை எப்படி டெஸ்ட் பண்றது?"

"அதைத்தாம்மா நானும் கேக்கறேன்."

டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று பெரிய பெயர் வைத்து அழைக்கும் விஷயத்துக்கு இந்தக் கேள்விதான் வாசல். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலோர் வாசல் வழியாக வருவதில்லை. பயிற்சி மையத்திலோ யூடியூபிலோ ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கைக் கற்றிருப்பார்கள். ஆட்டோவயர்டு என்ற அனோட்டேஷனை, அதாவது 'தேவையானதை இங்கே கொண்டுவந்து கொடு' என்று ஸ்பிரிங்குக்குச் சொல்லும் குறியை, எங்கே ஒட்ட வேண்டும் என்று தெரியும். இன்டர்வியூவில் கேட்டால் "லூஸ்லி கப்பிள்டு" (பாகங்கள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டாமல் இருப்பது) என்று பதில் வரும். அது எந்தத் தொல்லைக்கு மருந்து என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். நோய் வருவதற்கு முன்பே மாத்திரையைச் சாப்பிடப் பழகியவர்கள். ஒருவர் என்னிடம் தயங்கித் தயங்கி, "இது எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் மாதிரி ஏதாவது ஹேக்கிங்கா?" என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. பெயர் அப்படித்தான் இருக்கிறது.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. நாம் எழுதும் கோடு, அதாவது நிரல், போய் லைப்ரரியை அழைப்பதற்குப் பதிலாக, ஃபிரேம்வொர்க் வந்து நம் கோடை அழைக்கும் போக்குக்கு 'இன்வெர்ஷன் ஆஃப் கன்ட்ரோல்' என்று பெயர். ரால்ஃப் ஜான்சனும் பிரையன் ஃபூட்டும் 1988-இல் எழுதிய கட்டுரையிலேயே இந்தத் தொடர் இருக்கிறது. 2000-க்குப் பிறகு ஜாவா உலகில் இஜேபி (என்டர்பிரைஸ் ஜாவாபீன்ஸ்) என்ற கனமான ஏற்பாடு கோலோச்சியது. ஒரு சின்ன கணக்கைச் சோதிக்க வேண்டும் என்றாலும் முழு அப்ளிகேஷன் சர்வரையும் கிளப்பி, கோடை அதில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அந்த எரிச்சலில் பிறந்தவைதான் ஸ்பிரிங், பைக்கோகன்டெய்னர் போன்றவை. ராட் ஜான்சன் 2002-இல் வெளியிட்ட தன் நூலுக்காக எழுதிய கோடிலிருந்து வளர்ந்த ஸ்பிரிங்கின் 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வந்தது. இவர்கள் எல்லோருமே தங்கள் சரக்கை 'இன்வெர்ஷன் ஆஃப் கன்ட்ரோல்' என்று சொல்லி விற்றார்கள். 2004 ஜனவரியில், மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் ஃபவுலர் ஒரு கட்டுரை எழுதினார். எல்லா ஃபிரேம்வொர்க்குக்கும் பொதுவான குணத்தைத் தனிச் சிறப்பு என்று சொல்வது, என் காருக்குச் சக்கரம் இருக்கிறது என்று பெருமை பேசுவது போலிருக்கிறது என்பது அவர் வாதம். துல்லியமான பெயர் வேண்டும் என்று மற்றவர்களோடு பேசி அவர் நிலைநிறுத்திய, சுருக்கமாக டிஐ என்று சொல்லும் பெயர் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்.

ஆக, பெயரும் கருவியும் நொந்துபோனவர்கள் கையிலிருந்து வந்தவை. ஸ்பிரிங்கில் முதலில் எதை எதோடு கோப்பது என்பதையெல்லாம் எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். அதில் அலுத்துப்போய், 2007 கடைசியில் வந்த 2.5 பதிப்பில் ஆட்டோவயர்டு வந்தது. இன்று வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு மேலே இருக்கும் அந்தக் கடைசி அடுக்கு மட்டும்தான் கண்ணில் படுகிறது. அடியில் இருக்கும் அலுப்பு எதுவும் தெரியாது. ஜேம்ஸ் ஷோர் என்பவர் 2006-இல் எழுதியது எனக்குப் பிடிக்கும்: இது ஐந்து சென்ட் விஷயத்துக்கு வைத்த 25 டாலர் பெயர். ஒரு பொருளுக்குத் தேவையானதை அதுவே உண்டாக்கிக்கொள்ளாமல், வெளியிலிருந்து யாராவது கொடுத்துவிடுவது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றால் ஏன் பயிற்சி? சொன்னால் போதாதா? நானும் சில வருடம் சொல்லிப் பார்த்தேன். சமையல்காரரே சந்தைக்குப் போனால் என்ன ஆகும், யாராவது காய்கறி கொண்டுவந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று தரிசினி ஹோட்டலை வைத்துக் கதையெல்லாம் சொன்னேன். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் அவர்கள் எழுதிய கோடைத் திறந்தால் ஒவ்வொரு கிளாஸுக்குள்ளும், அதாவது கோடின் ஒவ்வொரு பாகத்துக்குள்ளும், நியூ, நியூ, நியூ. தேவையான ஆப்ஜெக்டை அந்த இடத்திலேயே உருவாக்கும் சொல் அது. உவமை கேட்பவருக்கு உவமைதான் புரிகிறது. கோடு தனியாகவே நிற்கிறது.

அதனால் இப்போது கதை கிடையாது, திங்கட்கிழமைதான். அந்த நாற்பது வரிக்குள் மூன்று இடங்களில் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. கட்டணம் போடும் கிளாஸ், கம்ப்யூட்டர் கடிகாரத்திடம் தானே போய் "இப்போது மணி என்ன" என்று கேட்கிறது. காலி இருக்கை இருக்கிறதா என்று டேட்டாபேஸைத் தானே திறந்து பார்க்கிறது. எஸ்எம்எஸ் அனுப்பும் ஆப்ஜெக்டை நியூ போட்டுத் தானே உருவாக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இது எதுவுமே தெரியாது. கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆப்ஜெக்டை உருவாக்கும்போது தேவையானவற்றை வாங்கிக்கொள்ளும் இடம், வெறுமையாக, பச்சைக் குழந்தை போல இருக்கும்.

முதல் முக்கால் மணி நேரம் நான் வாயைத் திறப்பதில்லை. கோடு எழுதித் தரும் ஏஐ உதவியாளரையும் மூடி வைக்கச் சொல்லிவிடுவேன். அதனிடம் கேட்டால் ஐந்தே நொடியில் சரியான விடையைக் கொடுத்துவிடும், அதுதான் தொல்லை. இந்த முக்கால் மணி நேரத்தில் அவர்கள் செய்து பார்ப்பவைதான் பயிற்சியின் சாரம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்டிப்பாக ஒருவர் லேப்டாப்பின் தேதியை வெள்ளிக்கிழமைக்கு மாற்றப் பார்ப்பார். கம்பெனி லேப்டாப்பில் அதற்கு அனுமதி இருக்காது. சொந்த லேப்டாப்பில் மாற்றியவருக்குக் கொஞ்ச நேரத்தில் வலைத்தளங்கள் திறக்காது, லாகின் ஆகாது. பாதுகாப்புச் சான்றிதழ்களும் லாகின் டோக்கன்களும் கடிகாரத்தை நம்பித்தான் இருக்கின்றன. விண்டோஸ் டொமைன் லாகினில் இயல்பாக அனுமதிக்கப்படும் நேர வித்தியாசம் 5 நிமிடம்தான். நாலு நாள் தள்ளிப்போனால் யார் விடுவார்கள்? ஆனாலும் இந்த முயற்சியைக் கேலி செய்யக்கூடாது. கோடு உலகத்தோடு இவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருப்பதால் உலகத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை அவர் கையால் தொட்டுப் பார்த்துவிட்டார்.

இன்னொருவர் டெஸ்டின் தலையில் "இன்று வெள்ளி இல்லையென்றால் விட்டுவிடு" என்று ஒரு வரி எழுதுவார். டெஸ்ட் பச்சை விளக்கு காட்டும். வாரத்துக்கு ஆறு நாள் எதையும் சோதிக்காமலே பச்சை காட்டும். வேறொருவர் நிஜக் கோடுக்குள்ளேயே 'டெஸ்ட்டா' என்று ஒரு கொடியை நட்டு, ஆம் என்றால் நாள் வெள்ளி என்று வைத்துக்கொள் என்பார். அது ஓடும். ஆனால் வாடிக்கையாளரிடம் போகும் கோடும் நாம் சோதித்த கோடும் ஒன்றில்லை என்று ஆகிவிடும்.

கொஞ்சம் கெட்டிக்காரர்கள் 'இப்போதைய நேரம்' என்று, எல்லா டெஸ்டும் பகிர்ந்துகொள்ளும் ஒரு ஸ்டாட்டிக் மாறியை வைத்து டெஸ்டில் அதை மாற்றுவார்கள். இது நன்றாகவே வேலை செய்யும், இரண்டு டெஸ்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டும் வரை. ஒரு டெஸ்ட் வெள்ளி என்று வைக்கும், பக்கத்திலேயே ஓடும் டெஸ்ட் திங்கள் என்று மாற்றிவிடும். பத்துத் தடவை ஓட்டினால் ஏழு தடவை பாஸ், மூன்று தடவை ஃபெயில் என்று கண்ணாமூச்சி ஆடும். அந்த டெஸ்டுகளை ஒன்றாக ஓட்டச் சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது அறையில் நல்ல சத்தமாக இருக்கும்.

டெஸ்டுக்குப் போலி ஆப்ஜெக்டுகளை உருவாக்கித் தரும் மாக்கிட்டோ என்ற ஜாவா லைப்ரரி தெரிந்தவர் ஒருவர் இருந்தால், ஸ்டாட்டிக் மெத்தடையே போலியாக்கிவிடலாம் என்பார். 3.4 பதிப்பிலிருந்து அதற்கு வழி இருக்கிறது. முடியும்தான், தப்பில்லை. பழைய கோடில் வேறு வழியே இல்லாதபோது நானும் செய்திருக்கிறேன். ஆனால் கதவு பூட்டியிருக்கும்போது ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே போவது மாதிரி, ஒவ்வொரு டெஸ்டிலும் வளைக்க வேண்டும்.

இப்படி எல்லாம் செய்து களைத்த பிறகு யாராவது ஒருவர், பெரும்பாலும் அதுவரை பேசாமல் இருந்தவர், மெல்லக் கேட்பார்: "நேரத்தை நாமே வெளியில இருந்து குடுத்துட்டா என்ன?" அப்போது நான் மார்க்கரை அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு, இரண்டுமே சரி. கட்டணம் போடும் மெத்தடுக்கு நேரத்தை ஓர் அளபுருவாக, அதாவது பாராமீட்டராக அனுப்பிவிடலாம். அல்லது கடிகாரம் என்ற ஆப்ஜெக்டைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுத்து, தேவைப்படும்போது அதைக் கேட்டுக்கொள்ளச் சொல்லலாம். முதலாவதை டிஐ என்று யாரும் மெனக்கெட்டுச் சொல்வதில்லை, ஆனால் பல இடங்களில் அதுவே போதும். நான் பார்த்தவரை ஸ்பிரிங்கில் தொடங்கியவர்களுக்கு இந்த எளிய வழி தோன்றுவதே இல்லை. எல்லாமே சர்வீஸ் ஆக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். நான் சொல்லிக் கொடுக்கும் தோராயமான கணக்கு இது: ஒவ்வொரு அழைப்புக்கும் மாறும் தகவல் மெத்தட் வழியாக வரட்டும், கூடவே இருந்து வேலை செய்யும் கூட்டாளி கன்ஸ்ட்ரக்டர் வழியாக வரட்டும். பயணியின் பெயர் தகவல். எஸ்எம்எஸ் அனுப்புபவர் கூட்டாளி. கடிகாரம் இரண்டு பக்கமும் வாதாடக் கூடியது, அதனால்தான் பயிற்சிக்கு அதைப் பிடித்தேன்.

இது ஏதோ புதியவர்களின் தடுமாற்றம் என்று நினைக்க வேண்டாம். ஜாவாவிலேயே கடிகாரத்துக்கென்று தனி கிளாஸ் 2014-இல் 8-ஆம் பதிப்பில்தான் வந்தது. நேரம் வேண்டிய மெத்தடுக்குக் கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுப்பதே நல்ல வழக்கம் என்று அதன் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் அதே வேலைக்கான டைம்புரொவைடர் 2023-இல், 8-ஆம் பதிப்பில் வந்து சேர்ந்தது. மொழியைக் கட்டியவர்களுக்கே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அடுத்த பயிற்சி எஸ்எம்எஸ். இதில் என் கட்டாயம் ஒன்று உண்டு: மாக் லைப்ரரி எதுவும் கூடாது, போலியைக் கையால் எழுத வேண்டும். 'அனுப்பு' என்று ஒரு மெத்தட் இருக்கும் இன்டர்ஃபேஸ், அதாவது என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லும் ஒப்பந்தம். நிஜமானது, எஸ்எம்எஸ்ஸை வெளியே அனுப்பித் தரும் சேவையான கேட்வேயைத் தொடர்புகொள்ளும். போலியானது, வந்த செய்தியை ஒரு லிஸ்டில் போட்டு வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். டெஸ்ட் அந்த லிஸ்டைத் திறந்து ஒரே ஒரு செய்தி இருக்கிறதா, அதில் 960 இருக்கிறதா என்று பார்க்கும். எழுதி முடித்ததும் "இவ்வளவுதானா?" என்ற குரல் வரும். பத்து வரி. டம்மி, ஸ்டப், ஸ்பை, மாக், ஃபேக் என்று ஜெரார்ட் மெசாரோஸ் என்பவர் இப்படிப்பட்ட போலிகளை வகை பிரித்து வைத்த பெயர்களை அதற்குப் பிறகு சொல்கிறேன். முன்னால் சொன்னால் மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

ஏன் எஸ்எம்எஸ் என்றால், அதில் எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்போது இருந்த கம்பெனியில், செய்தி அனுப்பும் கோடு கேட்வே முகவரியைத் தானே ஒரு ஃபைலிலிருந்து படித்துக்கொள்ளும். சோதனைச் சூழலில் இருந்த அந்த ஃபைலில் யாரோ நிஜ முகவரியை விட்டுவைத்திருந்தார்கள். இரவு ஓடும் டெஸ்டுகள் நிஜ வாடிக்கையாளர்களுக்கு "டெஸ்ட் 123" என்று அனுப்பிக்கொண்டே இருந்தன. காலையில் மேனேஜர் என் மேசைக்கு வந்து நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஃபைலில் கைவைத்தது நான் இல்லை. ஆனால் டெஸ்ட் எழுதியது நான். அனுப்புபவரை வெளியிலிருந்து கொடுக்கும் வசதி இருந்திருந்தால், என் டெஸ்டிடம் நிஜமானவர் வந்தே இருக்க மாட்டார்.

மூன்றாவது பயிற்சிக்கு வரும்போது புரோகிராம் வளர்ந்து பன்னிரண்டு கிளாஸ் ஆகியிருக்கும். எல்லாவற்றுக்கும் தேவையானவை கன்ஸ்ட்ரக்டர் வழியாக வருகின்றன. அப்படியானால் இவற்றையெல்லாம் உருவாக்கிக் கோத்துக் கொடுப்பது யார்? "ஸ்பிரிங்" என்று கோரஸாகப் பதில் வரும். இன்னும் இல்லை. மெயின் மெத்தடில் நீங்களே கையால் கோக்க வேண்டும். டிஐ பற்றி நூல் எழுதிய மார்க் சீமன் இந்த இடத்துக்கு 'கம்போசிஷன் ரூட்' என்று பெயர் வைத்திருக்கிறார். பூக்கட்டுவது போல வரிசை முக்கியம். டேட்டாபேஸ் இணைப்பு இல்லாமல் இருக்கைப் பதிவேடு கிடையாது, பதிவேடு இல்லாமல் கட்டணக்காரர் கிடையாது. யாரையும் சாராதவர்களை முதலில் உருவாக்க வேண்டும் என்பது தானாகவே புரிந்துவிடும். வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டு வரையச் சொல்வேன். சார்பு என்ற சொல்லுக்கு அப்போதுதான் உருவம் வருகிறது.

கையால் கோத்து முடித்ததும், "இதையே ஒரு புரோகிராம் செய்யும்படி எழுதுங்கள்" என்பேன். இந்த வகை வேண்டும் என்று கேட்டால், அதன் கன்ஸ்ட்ரக்டர் என்னென்ன கேட்கிறது என்று பார்த்து, அவை ஒவ்வொன்றையும் இதே முறையில் உருவாக்கி, கடைசியில் கேட்டதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ரிஃப்ளெக்‌ஷன் (கோடு தன் கிளாஸ்களின் அமைப்பைத் தானே படித்துப் பார்க்கும் வசதி) தெரிந்தால் ஐம்பது அறுபது வரியில் முடிந்துவிடும். ஸ்பிரிங்கின் மந்திரம் என்று அவர்கள் இதுவரை பயந்ததெல்லாம் ஒரு மேப்பும் (பெயர் கொடுத்தால் பொருளைத் தரும் பட்டியல்) ஒரு ரிகர்ஷனும்தான் (தன்னையே திரும்ப அழைப்பது) என்று தெரியும்போது, பிள்ளைகள் முகத்தில் ஏமாற்றமும் சந்தோஷமும் சேர்ந்து வரும். ஸ்பிரிங் அறுபது வரிதான் என்று நான் சொல்லவில்லை. அதன் நடு எலும்பு இதுதான்.

அப்புறம் கொஞ்சம் குறும்பு. கட்டணக்காரருக்குச் சலுகைக்காரர் வேண்டும், சலுகைக்காரருக்குக் கட்டணக்காரர் வேண்டும் என்று இரண்டு கிளாஸ் எழுதிக் கொடுத்து, அவர்கள் கட்டிய கன்டெய்னரில் (கோத்துக் கொடுக்கும் அந்தப் புரோகிராமுக்குப் பெயர் அதுதான்) போடச் சொல்வேன். அது இதைக் கேட்கும், இது அதைக் கேட்கும், முடிவில்லாமல் அழைத்து இடம் தீர்ந்துபோகும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பிழையில் போய் விழும். "கல்யாணமானாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்" என்றார் ஓசூர்க்காரர். அதற்குமேல் நான் விளக்க என்ன இருக்கிறது? ஸ்பிரிங்கின் மேல் கட்டிய ஸ்பிரிங் பூட் 2.6 பதிப்பிலிருந்து இப்படிச் சுற்றிச் சுற்றிச் சார்ந்திருப்பதை இயல்பாகவே மறுத்துவிடுகிறது என்று மட்டும் சொன்னேன். முன்பு அது ஃபீல்டில், அதாவது கிளாஸுக்குள் இருக்கும் மாறியில், நேராகச் செருகி எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தது. சமாளித்ததுதான் பிரச்சினையை மறைத்து வைத்தது.

இதே காரணத்துக்காகத்தான் ஃபீல்டின் தலையில் ஆட்டோவயர்டு ஒட்டுவதை நான் ஊக்குவிப்பதில்லை. ஸ்பிரிங் குழுவினரும் பொதுவாகக் கன்ஸ்ட்ரக்டர் வழியைத்தான் பரிந்துரைக்கிறார்கள். ஃபீல்டில் ஒட்டும்போது ஒன்பதாவது சார்பைச் சேர்ப்பது ஒரு வரி வேலை, உறுத்தாது. கன்ஸ்ட்ரக்டரில் ஒன்பதாவதைச் சேர்க்கும்போது கை கூசும். கூசட்டும். அந்த கிளாஸ் நாலு பேர் வேலையை ஒற்றை ஆளாகச் செய்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங்கின் 4.3 பதிப்பிலிருந்து, ஒரே ஒரு கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் அனோட்டேஷனே தேவையில்லை. எங்கள் கோடில் ஆட்டோவயர்டு என்ற சொல் இப்போது அபூர்வம்.

நான்காவது பயிற்சிதான் பழைய ஆட்களையும் கவிழ்ப்பது. ஓர் ஆப்ஜெக்ட் எவ்வளவு காலம் உயிரோடு இருக்க வேண்டும் என்ற கேள்வி. ஸ்பிரிங்கில் நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஒரு பீனுக்கு (ஸ்பிரிங் தானே உருவாக்கிப் பார்த்துக்கொள்ளும் பாகத்துக்கு) ஒரே ஆப்ஜெக்ட்தான், எல்லோரும் அதையே பகிர்ந்துகொள்வார்கள். டாட்நெட்டில் டிரான்சியன்ட் (கேட்கும்போதெல்லாம் புதியது), ஸ்கோப்டு (ஒரு கோரிக்கைக்கு ஒன்று), சிங்கிள்டன் (எல்லோருக்கும் ஒன்றே) என்று மூன்றில் ஒன்றை நாமே சொல்ல வேண்டும். பதிவு செய்யும் சர்வீஸில் 'இப்போதைய பயணி பெயர்' என்று ஒரு ஃபீல்ட் வைத்து, அந்த சர்வீஸைச் சிங்கிள்டனாக விட்டு, கோடைக் கொடுப்பேன். ஒருவர் ஓட்டினால் ஒரு குறையும் இருக்காது. நடுவில் அரை நொடி தூங்கும்படி ஒரு வரி சேர்த்து, பக்கத்து மேசைக்காரரும் நீங்களும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள் என்பேன். முருகன் டிக்கெட்டில் மஞ்சுநாத் பெயர் வந்து நிற்கும்.

போன முறை இதைப் பார்த்த ஹாசன் பையன், "இது டெஸ்டுல எப்படி மாட்டாம இருந்துச்சு?" என்று தன் அரைத் தமிழில் கேட்டான். நல்ல கேள்வி. டெஸ்ட் ஒவ்வொரு தடவையும் புதிதாக நியூ போட்டுத்தான் அந்த சர்வீஸை உருவாக்கியது, அதனால் பகிர்வு நடக்கவே இல்லை. டிஐ செய்துவிட்டால் டெஸ்ட் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே உடைய வேண்டும். தனித்தனிப் பாகம் சரியாக இருக்கலாம், கோத்த விதம் தப்பாக இருக்கலாம். இதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருக்கிறான்: ஒரு கோரிக்கையோடு முடிய வேண்டிய ஸ்கோப்டு ஆப்ஜெக்டைச் சிங்கிள்டன் பிடித்து வைத்துக்கொண்டு விடாமல் இருப்பது. ஏஎஸ்பி டாட்நெட் கோர், டெவலப்மென்ட் சூழலில் ஓடும்போது இதைக் கண்டுபிடித்துப் பிழை எறியும். புரொடக்‌ஷனில் இயல்பாக எறியாது. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு முறையாவது தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கடைசிப் பயிற்சி அழிப்பது. டிஐ பிடிபட்ட புதிதில் எல்லோருக்கும் ஒரு ஜுரம் வரும். கண்ணில் படும் எல்லாவற்றுக்கும் ஓர் இன்டர்ஃபேஸ், அதற்குப் பின்னால் 'இம்ப்ள்' என்று வால் வைத்த ஒரே ஒரு கிளாஸ். சரக்கு சேவை வரி கணக்கிட ஓர் இன்டர்ஃபேஸ், பெயரின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்க ஓர் இன்டர்ஃபேஸ். அப்படிப் பதினான்கு இன்டர்ஃபேஸ் இருக்கும் கோடைக் கொடுத்து, எவற்றை அழிக்கலாம் என்று கேட்பேன். டெஸ்டுகள் பாஸ் ஆகிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் விதி. ஒரு குழு ஐந்தில் நின்றது, இன்னொரு குழு இரண்டில் கொண்டுபோய் நிறுத்தியது. நான் மூன்று வைத்திருப்பேன்: கடிகாரம், எஸ்எம்எஸ், இருக்கைப் பதிவேடு. நேரம், நெட்வொர்க், டிஸ்க், குலுக்கல் எண், பணம் இவையெல்லாம் நம் கைக்கு அப்பாற்பட்டவை, அவற்றை வெளியிலிருந்து வாங்கலாம். வெறும் கணக்கை நேராக அழைத்தால் போதும். இரண்டில் நிறுத்திய குழு பதிவேட்டுக்கு மெமரியிலேயே ஓடும் டேட்டாபேஸை வைத்துச் சமாளித்திருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்னும் அந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சி நடப்பது ஆங்கிலமும் தமிழும் கன்னடமும் கலந்துதான். ஆனால் ஒவ்வொரு பயிற்சி முடிவிலும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, இப்போது என்ன செய்தோம் என்று தாய்மொழியில் விளக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கிளாஸ், மெத்தட் போன்ற சொற்கள் அப்படியே இருக்கலாம், 'டீகப்பிள்', 'அப்ஸ்ட்ராக்ட்' போன்றவற்றைச் சொல்லக்கூடாது. ஆங்கிலத்தில் சொல்லும்போது மனப்பாட வாக்கியம் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது, புரிந்ததா என்று கண்டுபிடிக்க முடிவதில்லை. தமிழில் அந்த வாக்கியம் ரெடிமேடாக இல்லை, தேட வேண்டியிருக்கிறது. "இதுக்கு அது கண்டிப்பா வேணும், ஆனா அது யாருன்னு இதுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் நாமக்கல் பெண். டிஐக்கு நான் கேட்ட விளக்கங்களில் இது மேலானது. இன்டர்ஃபேஸ் எதற்கு என்பதும் அதிலேயே வந்துவிட்டது. பக்கத்தில் ஹாசன் பையன் கன்னடத்தில் யாரிடம் விளக்குவது என்று முழித்தான். நான்தான் உட்கார்ந்தேன். என் கன்னடம் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் அளவுதான், அதனால் அவன் இன்னும் எளிமையாகச் சொல்ல வேண்டியிருந்தது. பயிற்சிக்கு அதுவும் நல்லதாகவே போனது.

ஜாவாவும் டாட்நெட்டும் பார்க்காத குழுக்களில் இருப்பவர்கள், இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பைத்தானில் ஒரு ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனுக்குப் பாராமீட்டராக அனுப்பினாலே வேலை முடிந்தது. கோ மொழியில் இன்டர்ஃபேஸைக் கேட்பவர் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம், கொடுப்பவருக்குத் தெரியவே வேண்டாம். கன்டெய்னர் இல்லாமலே நன்றாகப் போகும். ஆனால் திங்கட்கிழமைப் பிரச்சினை எந்த மொழியிலும் அதே பிரச்சினைதான். அதனால் முதல் இரண்டு பயிற்சிகளையும் மொழி மாற்றி அப்படியே செய்யலாம்.

சொந்தமாகப் பயிற்சி எழுத நேரம் இல்லாதவர்கள், லூகா மினுடெல் எழுதி எமிலி பாஷ் பரப்பிய டயர் காற்றழுத்தப் பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம். அழுத்தம் 17-க்குக் கீழே போனாலோ 21-க்கு மேலே போனாலோ அலாரம் அடிக்க வேண்டும். சென்சாரை அலாரமே உள்ளே உருவாக்கிக்கொள்கிறது, சென்சாரோ குலுக்கல் எண்ணைத் தருகிறது. பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. எனக்கு அதில் ஒரே குறை, டயர் அழுத்தத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எந்தக் கோபமும் கிடையாது. வெள்ளிக்கிழமை பஸ் கட்டணத்தைப் பற்றி நிறையவே உண்டு.

முழுப் பயிற்சிக்கும் தினம் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் ஐந்து நாள் ஆகும். கன்டெய்னர் கட்டுவதை விட்டுவிட்டால் நான்கு நாளில் முடிக்கலாம், ஆனால் விடாதீர்கள். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்ற பெயரை மூன்றாம் நாளுக்கு முன் உச்சரிக்காதீர்கள். தொடங்கும் நாள் எதுவாகவும் இருக்கலாம், வெள்ளிக்கிழமையைத் தவிர. ஒரு முறை திங்கள் விடுமுறை என்று அவசரப்பட்டு வெள்ளி மாலை நாலரைக்கு ஆரம்பித்தேன். எழுதிய டெஸ்ட் எல்லோருக்கும் முதல் தடவையே பாஸ் ஆகிவிட்டது. ஐந்து மணிக்கெல்லாம் பாதிப் பேர் முதுகில் பையை மாட்டிக்கொண்டு, சேலம் பஸ் பிடிக்க மடிவாளா கிளம்பிவிட்டார்கள்.